பதினான்காவது தண்டவாளம்

மார்கழி, விடியப்புறம் மூன்றே கால்.
உவர்மலை றோட்டின் கடற்பக்கப் பாதி
ஒரு லைட் போஸ்ட்டையும் கூட்டிக்கொண்டு
கீழே போனது.
சத்தம் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.
மழை அவ்வளவு பெரிதாய்ப் பேசிக்கொண்டிருந்தது.

மிச்சப் பாதியில் நிற்கிறேன்.
காலடியில் தார், தாருக்குக் கீழே சல்லி,
சல்லிக்குக் கீழே யாரோ எப்போதோ கொட்டிய
உடைந்த ஓடு, சிப்பி, ஒற்றைச் செருப்பு.
நிரப்பிய மண். நம்பக்கூடாத மண்.

நிரந்தர மதில் வேறொருவரின் வேலை.
அதன் வரைபடம் கொழும்பில், குளிரறையில்,
கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.
அந்த மதிலைக் கட்ட வருகிறவர்களின் தலையில்
மலை விழாமல் பார்ப்பது என்னுடையது.
படிவத்தில் இருக்கிறது:
பயன்பாட்டுக் காலம், ஆறு மாதம்.

முதலில் இரும்புத் தகடு அடித்துப் பார்த்தோம்.
நாலாம் மீட்டரில் பாறை மறித்தது.
தகட்டின் நுனி
வெற்றிலை போல் மடிந்து வெளியே வந்தது.
பிறகுதான் சீனக்குடா ஸ்டேஷன் பக்கம்
புல்லுக்குள் கிடந்த பழைய தண்டவாளங்கள்.
துளையிட்டு, பாறைக்குள் ஒன்றரை மீட்டர் இறக்கி,
சீமெந்துக் கூழ் ஊற்றி, இடையிடையே பலகை.
அடியில் கிறீஸ் பூசிப் பொலித்தீன் சுற்றினோம்,
நாளைக்கு இழுத்தெடுக்க வேண்டுமே.
பதின்மூன்று தண்டவாளம், வானம் பார்த்து.

துளைபோடும் மெஷினில் ஞானவடிவேல். சம்பூர்.
படிவத்தை எட்டிப் பார்த்தான்.
"ஆறு மாசமோ மிஸ்?
எங்களுக்கும் மூண்டு மாசமெண்டு சொல்லித்தான்
தகரக் கொட்டில் தந்தாங்க.
ஒம்பது வருசம் இருந்தம்.
என்ட சின்னவள் அதுக்குள்ளதான் நடக்கப் பழகினவள்."
சொல்லிவிட்டு மெஷினைப் போட்டான்.
நான் ஏதும் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

வெடிப்பின் இரு கரையிலும் ஆணி.
இரண்டு ஆணிக்கும் இடையே உள்ள தூரத்தை
கிண்ணியாவிலிருந்து வரும் ஸமீஹா
நாளுக்கு மூன்று தரம் அளக்கிறாள்.
திங்கள் இரண்டு மில்லிமீட்டர் கூட.
செவ்வாயும் அதே இரண்டு.
புதன் பின்னேரம் ஐந்து.
அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு மணி இருக்கும்.
தடுப்பு நாடாவைக் குனிந்து கடந்து
மூன்று மான்கள் விளிம்பு வரை வந்து நின்றன.
என் பாரக் கணக்கில்
தண்ணீர் பவுசர் இருக்கிறது, அம்புலன்ஸ் இருக்கிறது.
மான் இல்லை.
கையைத் தட்டினேன். அசையவில்லை.
முன்னால் நின்றது மட்டும் ஒரு காலைத் தூக்கி
மண்ணில் வைக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தது.
பிறகு மூன்றும் திரும்பிப் போயின.

விடிய ஸமீஹா சொன்ன எண் ஒன்பது.

அதற்குப் பிறகு ஒருவரும் உட்காரவில்லை.
மேல் மண்ணை வழித்து லொறியில் ஏற்றினோம்.
சரிவுக்குள் ஆறு மீட்டர் ஆழத்துக்குக்
குழாய் செருகினோம்.
முதலில் சேறு, பிறகு தேத்தண்ணி நிறம்,
மத்தியானம் தெளிந்த தண்ணீர்.
ஞானவடிவேல் கையை நீட்டிப் பார்த்து,
"கன்னியா ஊத்து மாதிரிச் சூடில்ல" என்றான்.
கிழக்கு மூலையில், மழைக்குள்,
இன்னொரு தண்டவாளமும் இறக்கினோம்.

ஒன்பது. ஒன்பது. ஒன்பதரை.
ஒன்பதரை.
தைப்பொங்கலன்றும் ஒன்பதரை.

ஆனியில் மதில் எழுந்து நின்றது,
வழுவழுவென்று, திறப்பு விழா ரிபனோடு.
அதற்கு முதல் நாள் நாங்கள் எங்களுடையதைக் கழற்றினோம்.
பதின்மூன்றும் முனகிக்கொண்டு மேலே வந்தன.
பதினான்காவது வரவில்லை.
கிரேனின் கம்பி அதிர்ந்தது, கிரேனே ஒரு பக்கம் எழும்பியது.
அந்த மழையில் அதற்குக் கிறீஸ் பூச
ஒருவருக்கும் நினைவில்லை.
தரையோடு வெட்டி மண் மூடினோம்.

எடுத்தது பதின்மூன்று. விட்டது ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
"வர மாட்டனெண்டுது எண்டு எழுதுங்க மிஸ்."
பாறையோடு பிணைந்துவிட்டது என்று எழுதினேன்.

பலகையில் நாலு கேட்டு வாங்கினான்,
சம்பூரில் ஆட்டுக்கொட்டில் அடைக்க.
எவ்வளவு காலத்துக்கு என்று
நான் கேட்கவில்லை.